ஓரிரு இடங்களில் இடி, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அலை

சித்திரை, வைகாசியில் மாலைச் செய்தியின் கடைசியில் வரும் வானிலை அறிவிப்பு நமக்கு மனப்பாடம். வெப்பச்சலனம் காரணமாகத் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். எந்த ஓரிரு இடம்? மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது அதுதான். அதை யாரும் சொல்வதில்லை. ஆனால் அதே அறிவிப்பில் அடுத்த வரி இப்படி வரும்: கன்னியாகுமரிக் கடலோரத்தில் நாளை பிற்பகல் இத்தனை மணி முதல் நாளை மறுநாள் இரவு இத்தனை மணி வரை கள்ளக்கடல் எச்சரிக்கை, அலை இத்தனை மீட்டர் எழும்பும்.

இன்று மாலை எந்தத் தெருவில் மழை பெய்யும் என்று சொல்ல முடியாதவர்கள், நாளை மறுநாள் கரைக்கு வரப்போகும் அலையை எப்படி மணிக்கணக்கோடு சொல்கிறார்கள்? இளவேனில் காலத்தில் விமானம் ஓட்டுகிறவருக்கும் வள்ளம் இறக்குகிறவருக்கும் இது உயிர் பற்றிய கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ‘ஓரிரு இடங்களில்’ என்பது மழுப்பல் அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். கால் பங்கைத் தாண்டி அரைப் பங்கு வரை என்றால் சில இடங்கள், முக்கால் வரை என்றால் பல இடங்கள், அதற்கும் மேல் என்றால் பெரும்பாலான இடங்கள். ஆக, எவ்வளவு பரப்பில் மழை பெய்யும் என்பதை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எங்கே என்பதைத்தான் சொல்ல முடிவதில்லை. அந்த மழை பிறக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

சித்திரை மாதம் காலை பதினோரு மணிக்கு மெரினாவில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். மணல் காலைச் சுடும். பத்தடி தள்ளி அலையில் கால் வைத்தால் குளிர்ந்திருக்கும். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். மணலில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடலில் அது நீருக்குள் ஆழமாக இறங்குகிறது, அலை அந்த வெப்பத்தைக் கலக்கிவிடுகிறது. போதாததற்கு நீரைச் சூடாக்க மண்ணைவிட மிகுதியான வெப்பம் தேவை. அதனால் நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலேறுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் எல்லாம் திசைமாறி, விடியற்காலையில் கரைக்காற்று கடலை நோக்கி வீசும். கட்டுமரத்தில் பாய் விரித்தவர்கள் கரைக்காற்றில் போய்க் கடற்காற்றில் திரும்பினார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்கு வானிலை நூல்களுக்கு முன்பே தெரியும்.

மேற்கிலிருந்து வீசும் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று உள்ளே வரத் திணறும். அது பிந்தி வரும் நாட்களில் சென்னை நாற்பது டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது.

இந்தக் காற்று மாற்றம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணுக்கே தெரியும். அங்கே முதன்மை ஓடுபாதையின் பெயர் 07/25. ஒரு முனையிலிருந்து ஓடினால் திசைகாட்டியில் ஏறத்தாழ 70 டிகிரி, மறுமுனையிலிருந்து ஓடினால் 250 டிகிரி என்பதுதான் அந்த எண்களுக்குப் பொருள். விமானம் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும், எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும். பட்டம் விடுகிற பிள்ளை காற்றை எதிர்த்து ஓடுவதும் இதற்காகத்தான். இறக்கையின் மேல் பாயும் காற்றுதான் தூக்குகிறது, அதில் ஒரு பங்கை எதிர்காற்றே கொடுத்துவிட்டால் குறைந்த ஓட்டம் போதும். காலையில் மேற்குக் காற்று இருக்கும்போது மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானங்கள், கடற்காற்று வலுத்ததும் கிழக்கு நோக்கி இறங்க வேண்டிவரும். அந்த மாற்றம் எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டிக் கணிப்பது விமான நிலைய வானிலை அலுவலகத்தின் அன்றாட வேலை. கோடையில் இன்னொரு கணக்கும் உண்டு. சூடான காற்று மெலிந்தது, அதனால் அதே எடையுள்ள விமானத்துக்கு ஓடுபாதையில் கூடுதல் தூரம் தேவைப்படும்.

கடற்காற்று கரையோடு நிற்பதில்லை. பிற்பகலில் அது பல பத்து கிலோமீட்டர் உள்ளே நகர்ந்துபோகிறது. அதன் முன்விளிம்பைக் ‘கடற்காற்று முகப்பு’ எனலாம். உள்ளே போகும் ஈரக் காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்றும் முட்டிக்கொள்ளும் கோடு அது. முட்டிய காற்றுக்குப் பக்கவாட்டில் வழியில்லை, மேலேதான் போக வேண்டும். மேலே போகும் ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. மேகமாகும்போது நீராவி தன் உள்வெப்பத்தை விடுவதால் அந்தக் காற்று இன்னும் சூடாகி இன்னும் வேகமாக ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் காலிஃபிளவர் போலத் திரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை போய்விடும். பயணிகள் விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில். ஆகவே இந்த மேகத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது, நல்ல தூரம் விலகிச் சுற்றித்தான் போக வேண்டும். மாலை நேர விமானம் சில நாள் வானில் வட்டமடிப்பதும், பெங்களூருக்கோ திருச்சிக்கோ திருப்பப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் மேகம் பிறக்கும்? அடுப்பில் உலை வைத்திருக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் குமிழி பானையின் அடியில் எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று சொல்ல முடியுமா? அடியில் இருக்கும் ஒரு சிறு கீறல், ஒட்டிய ஒரு துகள், சுடர் சற்றே சாய்ந்த இடம், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இடிமேகமும் ஒரு குமிழிதான். ஓர் ஏரியின் ஓரம், தார்ச்சாலை, காலையில் பெய்த தூறலில் நனைந்த வயல் என்று எந்த அளவைக் கருவிக்கும் அகப்படாத சின்ன வேற்றுமைகள் அதன் பிறப்பிடத்தை முடிவு செய்கின்றன. உலை கொதிக்கும் என்பது அறிவிப்பு. குமிழியின் இடம் அறிவிப்புக்கு அப்பாற்பட்டது.

பிறந்த பின்பும் அதற்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவில் 1946-இல் ஃபுளோரிடாவிலும் 1947-இல் ஒஹாயோவிலும், போருக்காகக் கட்டப்பட்ட பி-61 விமானங்களைப் பல உயர அடுக்குகளில் ஒரே நேரத்தில் இடிமேகத்துக்குள் செலுத்தினார்கள். மேகத்தைச் சுற்றிப் போவதே விவேகம் என்றிருந்த விமானிகள், அறிந்துகொள்வதற்காக அதற்குள்ளேயே புகுந்தார்கள். ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரேயம் என்ற இருவர் தொகுத்த முடிவு இன்றும் பாடம். இடிமேகத்துக்கு மூன்று பருவங்கள். வளர்பருவத்தில் உள்ளே எல்லாம் மேலேறும் காற்று. முதிர்பருவத்தில் ஏறும் காற்றும் மழையோடு இறங்கும் காற்றும் அருகருகே. கடைசியில் இறங்கும் காற்று மட்டும், அத்தோடு மேகம் கரைந்துவிடுகிறது. மொத்த வாழ்நாளே ஏறக்குறைய ஒரு மணி நேரம். இவ்வளவு குறுகிய ஆயுள் உள்ளதைப் பற்றி முந்தின நாளே எப்படித் துல்லியமாகச் சொல்வது?

அந்த இறங்கும் காற்றுதான் கொடியது. ஒரு வாளி தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் ஒரே மூச்சில் கவிழ்த்தால் தண்ணீர் விழுந்த இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் சீறிப் பரவும். மழையால் குளிர்ந்து கனத்த காற்றும் அப்படித்தான் தரையில் மோதிப் பரவுகிறது. இதை ‘வீழ்காற்று’ என்று சொல்வோம். தரையிறங்கும் விமானம் இதற்குள் புகுந்தால் முதலில் எதிர்காற்று கிடைக்கும், விமானம் நன்றாக மிதக்கும். விமானி வேகத்தைக் குறைக்க நினைக்கும் அந்த நேரத்தில் மேலிருந்து கீழே அழுத்தும். அடுத்த சில விநாடிகளில் காற்று பின்னாலிருந்து வீசும், இறக்கையின் தூக்கு போய்விடும். தரையோ மிக அருகில்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தெத்சுயா ஃபுஜிட்டா. 1945-இல் நாகசாகியின் இடிபாடுகளை ஆராயப் போனவர்களில் அவர் ஒருவர். குண்டு வெடித்த புள்ளியிலிருந்து எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததை அங்கே பார்த்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல் சூறாவளி தாக்கிய காடுகளின் மேல் பறந்தபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழல் வடிவில் இல்லாமல் நட்சத்திரம்போல வெளிநோக்கி விழுந்து கிடந்தன. பார்த்த கண்ணுக்குப் பழைய காட்சி நினைவுக்கு வந்தது. மறு ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இடிமழையில் இறங்கிய விமானம் நொறுங்கி 113 பேர் இறந்தார்கள். வீழ்காற்றே காரணம் என்றார் ஃபுஜிட்டா. பலர் ஏற்கவில்லை. 1978-இல் சிகாகோ அருகிலும் 1982-இல் டென்வர் அருகிலும் டாப்ளர் ராடார்களை வைத்து அளந்த பிறகுதான் மறுக்க வழியில்லாமல் போயிற்று.

டாப்ளர் ராடாரின் சூட்சுமம் எளியது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது நெருங்கிவரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்துபோனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? ராடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும்போதும் இதே மாற்றம் நிகழ்கிறது. துளி நெருங்குகிறதா விலகுகிறதா என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஒன்று நெருங்கவும் ஒன்று விலகவும் கண்டால் நடுவில் வீழ்காற்று. இந்திய வானிலைத் துறையின் முதல் டாப்ளர் ராடார் 2002-இல் சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் நிறுவப்பட்டது. செல்போனில் இன்று நாம் பார்க்கும் ராடார் படமும், ‘அடுத்த மூன்று மணி நேரத்துக்கு’ என்று வரும் உடனடி முன்னறிவிப்பும் பிறக்கும் இடம் இப்படிப்பட்ட கருவிகள்தான். மேகம் பிறந்த பிறகு அது எங்கே போகும் என்று சொல்வதற்குத்தான் அவை உதவும்.

வள்ளத்துக்கும் இதே வீழ்காற்றுதான் எதிரி. மழைக்கு முன்னால் பாய்ந்துவரும் குளிர்காற்று, கண்ணாடிபோல் கிடந்த கடலைச் சில நிமிடங்களில் கொந்தளிக்க வைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடலில் இருப்பவை பெரும்பாலும் சிறு நாட்டுப்படகுகளும் வள்ளங்களும்தான். திறந்த கடலில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் படகு என்பதால் மின்னலும் அதைத்தான் தேடும். மேற்கில் கருத்த மேகத்தின் தலை பட்டறைக்கல்போல விரிந்திருந்தால் அன்று மாலை தொழிலுக்குப் போகாமலிருப்பதே நல்லது.

இனிக் கள்ளக்கடல். கேரளத்திலும் குமரிக் கரையிலும் வழங்கும் சொல் இது. காற்றில்லை, மழையில்லை, புயல் அறிவிப்பில்லை, வானம் வெளுத்துக் கிடக்கிறது. கடல் மட்டும் திடீரென்று ஏறி வந்து வீட்டு வாசலைத் தொடுகிறது. கள்ளனைப்போல் வருவதால் கள்ளக்கடல். கடற்கரை மக்களின் இந்தச் சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

இந்த அலை பிறப்பது நம் கடலிலேயே அல்ல. தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள பெருங்கடலில் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. அங்கே ஒரு புயல் பல நாள் ஒரே திசையில் வீசினால், காற்று தன் ஆற்றலை நீருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப் பிறந்து புயலைவிட்டு வெளியேறிப் பயணம் செய்யும் நீண்ட அலையை ‘நெட்டலை’ என்று அழைப்போம். நம்மூர்க் காற்று எழுப்பும் அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்தாறு விநாடிதான் இடைவெளி. நெட்டலைக்குப் பதினைந்து முதல் இருபது விநாடி. நீரலைகளின் விசித்திரமான குணம் என்னவென்றால், ஆழ்கடலில் இடைவெளி நீண்ட அலை வேகமாகவும் குறுகியது மெதுவாகவும் போகும். இருபது விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கி.மீ. போகும், பதினான்கு விநாடி அலைக்கூட்டம் 39 கி.மீ.தான்.

கிளாம்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று மணிக்கு 80 கி.மீ., மற்றது 60. செங்கல்பட்டில் நின்று பார்த்தால் இரண்டும் சில நிமிட வித்தியாசத்தில் கடக்கும். நாகர்கோவிலில் நின்றால் வித்தியாசம் மூன்று மணி நேரத்தை நெருங்கும். நாகர்கோவிலில் இருப்பவருக்கு இரண்டின் வேகமும் வந்த நேரமும் தெரிந்தால் போதும், அவை எவ்வளவு தூரத்திலிருந்து, எப்போது கிளம்பின என்று கணக்குப் போட்டுவிடலாம். கடலிலும் இதே கணக்குதான். ஆறாயிரம் கி.மீ. தெற்கே ஒரு புயல் என்றால், இருபது விநாடி அலை நாலரை நாளில் குமரிக்கு வரும். பதினான்கு விநாடி அலை அதற்கு இரண்டு நாள் கழித்து வரும். கரையில் அளக்கும் இடைவெளி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், அந்தக் குறைவே புயலின் முகவரி.

இதை மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர் வால்டர் மங்க். 1963-இல் அவரும் குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் கடலின் குறுக்கே ஒரு கோடுபோல அளவை நிலையங்களை அமைத்தார்கள். மங்க் தன் குடும்பத்தோடு சமோவாத் தீவில் தங்கினார். கடலடியில் வைத்த அழுத்தமானிகள், அலை மேலே கடக்கும்போது நீரின் எடையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைப் பதிவு செய்தன. ஹவாய்க்கு வடக்கே தீவே இல்லாத இடத்தில், செங்குத்தாக நிமிர்ந்து மிதக்கும் ஃபிளிப் என்ற கலத்தையே தீவாக நிறுத்தினார்கள். தெற்கில் பதிவான அதே அலைக்கூட்டம் நாட்கள் கழித்து வடக்கிலும் பதிவானது. புயலைவிட்டு வெளியே வந்தபின் நெட்டலை வழியில் ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை என்பதுதான் அவர்களையே வியக்கவைத்த முடிவு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இடிமேகம் இனிமேல் பிறக்க வேண்டிய குழந்தை. நெட்டலை ஏற்கனவே பிறந்து, வண்டியேறி, வந்துகொண்டிருக்கும் விருந்தாளி. அதன் வேகம் தெரியும், வழியில் குறுக்கிட யாருமில்லை. செயற்கைக்கோள்கள் தென்கடலின் அலையுயரத்தை அளக்கின்றன. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013-இல் ஏவிய சரல் அப்படிப்பட்ட ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எச்சரிக்கை விடுகிறது.

ஆழ்கடலில் இருக்கும் வள்ளத்துக்கு நெட்டலை தெரியக்கூடத் தெரியாது. பதினெட்டு விநாடி அலையின் நீளம் அரைக் கிலோமீட்டர். ஒரு மீட்டர் உயரம் அவ்வளவு நீளத்தில் பரந்திருந்தால், படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த அலை 250 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கிவிடும். சாதாரண ஆறு விநாடி அலை முப்பது மீட்டர் ஆழத்துக்குள் வந்தபிறகே உணரும். அடி தடுக்க, முன்னால் போகும் அலை வேகம் குறைய, பின்னால் வருவது நெருக்க, அலையின் நீளம் சுருங்கி உயரம் கூடுகிறது. துறைமுக முகத்துவாரத்திலும் மணல்திட்டிலும் சுவர்போல் எழுகிறது. ஆகவே கள்ளக்கடல் நாளில் படகுக்கு ஆபத்து ஆழத்தில் இல்லை. கரைபிடிக்கும் கடைசி நூறு மீட்டரில்தான் இருக்கிறது. பாக் நீரிணைக்கு இலங்கை மதிலாக நிற்பதால் அங்கே இதன் தொல்லை குறைவு. குமரி, நெல்லை, தூத்துக்குடிக் கரைகளுக்கு அந்த மறைப்பு இல்லை.

நெட்டலை கூட்டம் கூட்டமாக வரும். ஏழெட்டுப் பெரிய அலைகள், பிறகு பல நிமிடம் அமைதி, மறுபடி கூட்டம். அந்த அமைதியை நம்பித்தான் மனிதர்கள் இறங்குகிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அந்த அலைகளைப் பற்றிய எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தது. கணக்கு சரியாக இருந்தும், அது கரையில் நின்றவர்களைச் சென்று சேரவில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

அடுத்தமுறை தென்கரைக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். தண்ணீரில் கால் வைக்குமுன் உலர்ந்த மணலில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஓர் அலை உடைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அடுத்தது உடையும்வரை எண்ணுங்கள். ஐந்தாறு விநாடி என்றால் அது உள்ளூர்க் காற்றின் வேலை. பதினைந்தைத் தாண்டினால் அந்த அலை தென்கடலிலிருந்து நாட்கணக்கில் பயணம் செய்து வந்தது. அன்று பாறைமேல் ஏறாதீர்கள், குழந்தைகளைத் தண்ணீரோரம் விடாதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.